சுற்று வழி

‘ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு தம்பி’ என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் கேட்டதும், மறுநாளே நான்கு பக்கங்கள் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். ‘இயற்கை அன்னையின் மடியில் துள்ளி விளையாடும் எழில்மிகு குற்றாலம்’ என்று தொடங்கியிருந்தேன். ஐயா முதல் வரியைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ‘நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வோர் ஆண்டு மலரிலும் குற்றாலம் அந்த மடியிலேயே துள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கால் வலிக்காதா? நீ தென்காசிக்காரன்தானே! உன் கால் நடந்த வழியை எழுதேன்’ என்றார்.

தாள்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கால் நடந்த வழியை எழுதுவது எளிதுதான். ஆனால் அந்த வழியில் ஏன் நடந்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகளாக வகுப்புத் தோழர்களிடம் சொல்லாத ஒன்றை அச்சில் ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரம் யோசித்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் ஏறி உட்கார்ந்து, சீட்டு வாங்கி, மீதிச் சில்லறைக்குக் காத்திருப்பதற்குள் ஊர் வந்துவிடும். சீசன் காலத்தில் அந்தப் பேருந்தில் நிற்கவும் இடம் கிடைக்காது. வெளியூர்க்காரர்களுக்கு இந்த இரண்டு ஊருக்கும் நடுவே எதுவுமே கிடையாது. எனக்கோ அந்த 5 கிலோமீட்டர்தான் ஊர்.

எங்கள் வீடு காசி விசுவநாதர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு சந்தில் இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் 1446இல் திருப்பணி தொடங்கிய கோயில் அது. வடகாசிக்கு நடந்து போய்ச் சேர முடியாமல் வழியிலேயே உயிர்விட்டவர்களுக்காக அவன் இங்கேயே ஒரு காசியை எழுப்பினான் என்பது தலவரலாறு. ஆக, எங்கள் ஊர் பிறந்ததே நடக்க முடியாதவர்களுக்காகத்தான்! நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராசகோபுரத்தை மறுபடி எழுப்பி, 1990இல் குடமுழுக்குச் செய்தார்கள். ஏறத்தாழ 180 அடி உயரம். ஆனால் அண்ணாந்து பார்ப்பதைவிட அதன் வாசலில் நிற்பதுதான் சுகம். ஆனி, ஆடி மாதங்களில் அந்த வாசலில் அடிக்கிற காற்று ஆளையே தள்ளும். சேலைத் தலைப்பையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

எங்கள் புவியியல் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் இந்தக் காற்றைப் பற்றிச் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து, மழையைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. நாம் இருப்பது மழை மறைவுப் பக்கம். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் ஒரு சன்னல் போலத் திறந்து கிடக்கிறது. அதன் வழியே நுழைகிற காற்றும் மேகமும்தான் நம் சாரல். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாம் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறதாம். அதுவும் மலையடிவாரம், அதுவும் மழை மறைவுப் பக்கம், அதுவும் உல்லாசப் பயணிகளின் ஊர். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சான் ஜாசிண்டோ மலை மேகத்தை மறித்துக்கொள்வதால் அந்த ஊர் பாலைவனமாகிவிட்டது. அங்கே தெரு முடிகிற இடத்திலேயே மலைப்பாதை தொடங்குகிறது. எந்தப் பாதை எங்கே போகும் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிறார்கள். வெயிலுக்கு அஞ்சி விடியற்காலையில் நடக்கிறார்கள் என்றார் பேராசிரியர். ‘நம் ஊரில் விடியுமுன் நடக்கிறவர்கள் யார் தெரியுமா?’ என்று கேட்டுவிட்டு, விடையை எதிர்பாராமல் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். எனக்கு விடை தெரியும். சொல்லாமல் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

விடியுமுன் நடக்கிறவர்களில் ஒருவர் என் தந்தை.

அப்பா குற்றாலத்தில் ஆயில் மசாஜ் செய்கிறவர். அருவிக்கரையில் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு, குப்பிகள் அடுக்கிய கூடையோடு, ‘சார், ஆயில் மசாஜ் சார்’ என்று உங்கள் பின்னாலேயே வருகிறார்களே, அவர்களில் ஒருவர். பலகையில் வெளியூர்க்காரர்களை உட்காரவைத்து, உச்சியில் எண்ணெயை ஊற்றி, பட்பட்டென்று தட்டி, கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கி அனுப்புகிற தொழில். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கும் சிறு வயதில் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு எப்போது வெட்கமாக மாறியது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் சேர்ந்த அன்று விண்ணப்பப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். எண்ணெய் வியாபாரம் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்துக்குள் ஒரு சமாதானமும் வைத்திருந்தேன்.

பள்ளியில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு நான் நடந்து போவேன். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால்தான் முதல் கூட்டத்தைப் பிடிக்கலாம். பேருந்துக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகவும்தான் நடந்தோம். அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது? கோயில் வாசலில் நின்று அப்பா மேற்கே பார்ப்பார். இருட்டில் மலை தெரியாது. காற்றை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு, ‘ஈரக்காத்துலே. மேல நல்லாப் பெஞ்சிருக்கு. இன்னிக்குக் கூட்டம் இருக்கும்’ என்பார். பெரும்பாலும் தப்பாது. செருப்புப் போடமாட்டார். எண்ணெய்க் காலுக்கும் ஈரப்பாறைக்கும் நடுவே செருப்பு எமன் என்பது அவர் கட்சி.

யானைப்பாலத்துப் படித்துறையில் முகம் கழுவுவோம். கீழே ஓடுவது சிற்றாறு. குற்றாலத்து மலையில் பிறந்து, தேனருவியாகவும் செண்பகதேவி அருவியாகவும் பேரருவியாகவும் குதித்துவிட்டு, எங்கள் ஊருக்கு வரும்போது நல்ல பிள்ளையாக நடந்து வருகிற ஆறு. கடைசியில் தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. ‘நாம மேல போறோம், இது கீழ வருது. வழியில பாத்துக்கிட்டோம்’ என்று அப்பா தினமும் ஒரே வேடிக்கையைச் சொல்வார். நானும் தினமும் சிரிப்பேன்.

பிறகு மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். குற்றாலக் குறவஞ்சியைப் பாடத்தில் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அந்த நூலில் வசந்தவல்லி பந்தாடுகிறாள், திரிகூடநாதர் பவனி வருகிறார், எல்லாம் சரி. ஆனால் உண்மையில் நடப்பவள் குறத்தி ஒருத்திதான். நாடு நாடாக நடந்து, குறி சொல்லிப் பிழைக்கிறவள். தன் மலையைப் பற்றியும் தன் தொழிலைப் பற்றியும் அவள் எவ்வளவு பெருமிதத்தோடு பேசுகிறாள்! கூடையைத் தூக்கிக்கொண்டு பிழைப்புக்கு நடக்கிறவளுக்கு இல்லாத கூச்சம், அதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதிய எனக்கு எங்கிருந்து வந்ததோ.

காசிமேஜர்புரம் வரும்போது கிழக்கு வெளுக்கும். பெயரைக் கேட்டுக் காசிக்கும் மேஜருக்கும் என்ன உறவு என்று குழம்ப வேண்டாம். கம்பெனிக் காலத்தில் இந்தப் பக்கம் வாசனைப் பயிர்த் தோட்டங்கள் போட்ட காஸமேஜர் என்ற வெள்ளைக்காரரின் பெயர் எங்கள் நாக்கில் புரண்டு அப்படி ஆகிவிட்டது என்பார்கள். அதைத் தாண்டினால் அருவியின் ஓசை கேட்கும். ஓசை முதலில், பிறகு குளிர், கடைசியில்தான் அருவி. பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றாக வந்து மோதிவிடுகின்றன.

பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். நேராகத் தலையில் விழுந்தால் ஆள் தேறுவானா? பாதியில் பொங்குமாகடல் என்ற பெரும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் மண்டைக்கு வருகிறது. வெள்ளம் மிகுந்துவிட்டால் பாறைக்கு முன்னால் கட்டியிருக்கிற ஆர்ச்சையும் தாண்டி வந்து விழும். அப்போது போலீசார் ஊதலை ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள். குளிக்கத் தடை. வந்தவர்களுக்கு ஏமாற்றம், அப்பாவுக்குப் பட்டினி. அருவி வறண்டாலும் வேலை கிடையாது, பொங்கினாலும் வேலை கிடையாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்று மாதம்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிற காலம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று பலகை வைத்த பிறகு தொழில் இன்னும் சுருங்கியது. தண்ணீர் கெடக்கூடாது என்பதில் அப்பாவுக்கு மறுப்பில்லை. ‘நியாயந்தானே, நம்ம தண்ணிதானே’ என்று கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

பெருந்தொற்று வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. அந்த ஆண்டுச் சீசன் போயிற்று. அடுத்த ஆண்டுச் சீசனும் போயிற்று. அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. கீழே ஒரு தலை கிடையாது. அப்பா இலஞ்சிப் பக்கம் வயல் வேலைக்குப் போனார். நாற்று நட்டுத் திரும்பி வந்த கையைப் பார்த்து, ‘எண்ணெயில ஊறின கைய்யா, சேறு பிடிக்க மாட்டேங்குது’ என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இனிச் சுற்று வழிக்கு வருகிறேன்.

2023 ஜூலையில் என் வகுப்புத் தோழர்கள் ஏழு பேர் குற்றாலம் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். ‘நீ உள்ளூர்க்காரன், நீதான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்’ என்றார்கள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு வழி போட்டேன். பேரருவிப் பக்கமே போகாத வழி! சீசனில் குற்றாலம் வருகிறவனைப் பேரருவியைக் காட்டாமல் திருப்பி அனுப்புவது என்றால், அதற்கு எவ்வளவு மூளை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ‘பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டி விழுகிறதாம், விடமாட்டார்களாம்’ என்று ஒரு பொய். ‘பேருந்தில் போவது எல்லாரும் செய்வது, நாம் நடப்போம்’ என்று ஒரு வீரம்.

தென்காசியிலிருந்து இலஞ்சிக்கு நடந்தோம். இரண்டு பக்கமும் வயல். சாரல் என்பது மழை அல்ல, வெயிலும் அல்ல, நனைகிறோமா இல்லையா என்று சட்டைக்கே தெரியாத ஒன்று. வெயிலில் வளர்ந்த கோவில்பட்டித் தோழன் கைகளை விரித்துக்கொண்டு நடந்தான். இலஞ்சிக் குமாரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வழியில் ஆட்களைக் கேட்டுக் கேட்டு, வயல் வரப்புகளிலும் தோப்புகளின் ஓரமாகவும் புகுந்து ஐந்தருவிச் சாலையில் ஏறினோம். ஒருவனுக்குக் குதிகாலில் கொப்புளம். ஒருவனுடைய நேந்திரச் சிப்ஸ் பொட்டலத்தைக் குரங்கு வழிமறித்து வாங்கிக்கொண்டது. வெண்ணமடைக் குளத்தின் படகுத்துறை அருகே நின்று மங்குஸ்தான் வாங்கினோம். அதன் தோலைப் பல்லால் கடித்த ஒருவன் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு ஆகும்.

உண்மையைச் சொன்னால், அது நல்ல வழி. வெட்கத்தினால் போட்ட வழியாக இருந்தாலும், நடக்க நல்ல வழி. இப்போதும் யாராவது கேட்டால் அதைச் சொல்வேன். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து, வந்தவர்களுக்கெல்லாம் கம்பனையும் சாரலையும் சேர்த்து விருந்து வைத்தார் என்று அன்று தோழர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். ராசாசியும் கல்கியும் வந்து தங்கிய ஊர் என்றேன். சித்திர சபையின் சுவர் ஓவியங்களைப் பற்றிச் சொன்னேன். யார் யாரைப் பற்றியெல்லாமோ பேசினேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். வாகனங்கள் நிறுத்துமிடத்தைத் தாண்டிக் கடைகளுக்கு நடுவே போனபோது, என் கால் நின்றுவிட்டது. பத்தடி தூரத்தில், பலகைக்குப் பக்கத்தில் கூடையை வைத்துக்கொண்டு, அப்பா நின்றுகொண்டிருந்தார்.

அவரும் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற ஏழு பேரையும் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே குனிந்து, சுத்தமாக இருந்த ஒரு குப்பியை எடுத்துத் துண்டினால் துடைக்கத் தொடங்கினார்.

அதோடு நாங்கள் கடந்து போயிருக்கலாம். விதி விடவில்லை. கோவில்பட்டித் தோழன், ‘டேய், எனக்கு ரொம்ப நாளாக் கழுத்து வலிடா’ என்று நேரே அவரிடமே போனான்.

‘எவ்வளவு?’

‘இருநூறு ரூவா சார்.’

‘நூற்றைம்பது.’

அப்பா ஒரு கணம் தயங்கினார். ‘சரி, உக்காருங்க’ என்றார்.

ஒரு கல்லூரி மாணவனை, தன் மகன் வயதுப் பையனை, அவர் ‘சார்’ என்றது இன்றும் என் காதில் இருக்கிறது. அவன் சட்டையைக் கழற்றிப் பலகையில் உட்கார்ந்தான். மற்றவர்கள் சுற்றி நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். தலையில் தட்டும் ஓசைக்கு ஒருவன் தாளம் போட்டான். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சற்று உரக்கவே சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்பா அவனிடம் எந்த ஊர், என்ன படிப்பு என்று கேட்டார். அவன் சொன்னான். ‘நல்லாப் படிங்க’ என்றார். ‘ராத்திரி தலைமாட்டுக்கு உசரமா வச்சுப் படுக்காதிய. இடது பக்கம் நரம்பு இறுகிக் கெடக்கு’ என்றார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஐந்தருவி என்பது ஒரே தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுவதுதான். அன்று அதன் கீழே வெகுநேரம் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது என்பது எவ்வளவு வசதி!

இரவு வீட்டுக்குப் போனபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான் சொன்னார்: ‘நீ கூட்டாளிமாரக் கூட்டிக்கிட்டு மெயின் அருவிக்குத்தான் வருவேன்னு, ஒங்கப்பா இன்னிக்கு ஐந்தருவிக்குப் போறேன்னு போனாகய்யா. அங்கன இடம் பிடிக்க இன்னும் ஒரு மணிநேரம் முந்தியே கெளம்பிட்டாக.’

நான் அவரைத் தவிர்க்க ஒரு வழி போட்டேன். அவர் எனக்காக ஒதுங்க ஒரு வழி போட்டார். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டியிருக்கின்றன.

அப்பா கை கழுவிவிட்டு வந்து, மடியிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளும் ஓர் ஐம்பது ரூபாய்த் தாளும் எடுத்தார். இரண்டிலும் எண்ணெய்க் கறை. ‘இது ஒன் கூட்டாளி குடுத்தது. கூட்டாளிட்டத் துட்டு வாங்கப்பிடாதுல்லா. அங்க வச்சு வேண்டாம்னு சொன்னா ஒரு மாதிரியா இருக்கும்னு வாங்கிக்கிட்டேன். எப்படியாவது அவங்கிட்டச் சேத்துரு’ என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தத் தாள்கள் என் அகராதிக்குள் பத்து மாதம் கிடந்தன. எப்படிக் கொடுப்பது? என்ன சொல்லிக் கொடுப்பது? அகராதியைத் திறக்கும்போதெல்லாம் நல்லெண்ணெய் வாசனை வரும். மூடிவிடுவேன்.

2024 மே 17, வெள்ளிக்கிழமை. கோடை மழை மலைமேல் சில நாள்களாகப் பெய்துகொண்டிருந்ததால், சீசனுக்கு முன்பே அருவிகளில் தண்ணீர் விழுந்தது. அப்பா அன்று பழைய குற்றாலம் அருவிக்குப் போயிருந்தார். பிற்பகலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, பழைய குற்றாலத்தில் காட்டாற்று வெள்ளமாம், குளித்துக்கொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போகிறதாம் என்று கைபேசியைக் காட்டினார். நடைபாதையையும் படிகளையும் மூடிக்கொண்டு செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்கிறது. ஆட்கள் கத்துகிறார்கள். அப்பாவின் கைபேசிக்கு அழைத்தேன். அது எங்கள் வீட்டு மாடத்திலேயே மணியடித்தது. எண்ணெய்க் கையோடு எடுக்க முடியாது என்று அவர் அதைக் கொண்டு போவதே இல்லை.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் கிளம்பினேன். பேருந்துக்கு நிற்கப் பொறுமை இல்லை. ஆயிரப்பேரி வழியாக நடந்தேன் என்று எழுதலாம். ஓடினேன் என்பதே சரி. அந்த வழியில் என்ன மரம் இருந்தது, எந்த ஊர் எப்போது வந்தது, எதுவும் நினைவில்லை. எதிரே வந்தவர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஈரத் துணியோடு ஒரு குடும்பம் வந்தது. ஒரு அம்மாள் இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதபடியே வந்தார். அவர்களுக்குப் பின்னால், கூடை இல்லாமல், துண்டு இல்லாமல், வெறுங்கையை வீசிக்கொண்டு, ஒருவர் வந்தார். நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த நடைக்குப் பின்னாலேயே போனவனல்லவா நான்.

‘எப்பா!’ என்று கத்தினேன். சாலையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

‘எதுக்குலே இப்படி ஓடி வாரே? பைய வா’ என்றார். பிறகு அங்கேயே நின்றுவிட்டார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ‘ஒரு சத்தம் கேட்டுச்சு பாத்துக்கோ. தண்ணிச் சத்தந்தான்னு இருந்தோம். கல்லு உருளுத சத்தம். மேல ஏறுங்கன்னு கத்திக்கிட்டே ரெண்டு பேரக் கையப் பிடிச்சு இழுத்துவிட்டேன். கையில எண்ணெய்யா… ஒருத்தர் கை வழுக்குது. மணிக்கட்டப் பிடிச்சேன். வந்துட்டாரு.’ உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். ‘ஒரு பையனக் காணலன்னு தேடுதாக.’

அந்தப் பையன் இறந்துவிட்டான். 17 வயது மாணவன். செய்தித்தாளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

திரும்பும் வழியில் நாங்கள் அதிகம் பேசவில்லை. யானைப்பாலத்தில் அப்பா நின்று கீழே பார்த்தார். சிற்றாறு கலங்கி, நுரையோடு போய்க்கொண்டிருந்தது. வழக்கமான வேடிக்கையைச் சொல்லவில்லை. அவர் கையை நான் பிடித்திருந்தேன் என்பதை வீட்டு வாசலுக்கு வந்து விட்டபோதுதான் உணர்ந்தேன்.

எல்லா அருவிகளிலும் குளிக்கச் சில நாள் தடை போட்டார்கள். தடை நீங்கியதும் அம்மாவின் ஒரு வளையல் அடகுக்குப் போய்ப் புதுக் கூடையும் குப்பிகளும் வந்தன. கல்லூரி திறந்ததும் நான் செய்த முதல் வேலை, அலுவலகத்துக்குப் போய் என் படிவத்தில் ஒரு திருத்தம் வேண்டும் என்று கேட்டது. ‘ஆயில் மசாஜை எப்படித் தமிழில் எழுதுவது?’ என்று எழுத்தர் கேட்டார். இருவரும் சற்று யோசித்துவிட்டு, ‘எண்ணெய் தேய்க்கும் தொழிலாளி’ என்று எழுதினோம்.

இரண்டாவது வேலை கடினமானது. கோவில்பட்டித் தோழனைக் கல்லூரி வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், அகராதியைத் திறந்து, அந்த இரண்டு தாள்களையும் நீட்டினேன். யார் கொடுக்கச் சொன்னது என்று சொன்னேன். அவன் வெகுநேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

‘அப்போ நான் பேரம் பேசினது உங்கப்பாகிட்டயாடா?’ என்றான்.

‘ஆமாம்.’

‘நீ பக்கத்திலதானே நின்னே?’

‘ஆமாம்.’

அவன் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து இன்னோர் ஐம்பது ரூபாயை எடுத்து அந்தத் தாள்களோடு சேர்த்து என் கையில் திணித்தான். ‘இருநூறுன்னு சொன்னார்ல, கொடு’ என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பணத்தை அப்பாவிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். அவர் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாள்களை எண்ணிப் பார்க்காமல் பக்கத்தில் வைத்து, அதன்மேல் ஒரு குப்பியை வைத்தார்.

‘அந்தப் பையன இன்னொரு நா கூட்டிக்கிட்டு வாய்யா’ என்றார். ‘அன்னிக்கு நீ நிக்கியேன்னு எனக்குக் கை ஓடல. வெறுசா முடிச்சு அனுப்பிட்டேன். அந்த இடது பக்கம் இன்னும் இறுகித்தான் கெடக்கும்.’